பதநீருக்கு ஒரு வேளை உண்டு

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மாதம் குடும்பத்துடன் மூன்று நாள் திருநெல்வேலிக்கு வந்திருந்தோம். அல்வா வாங்கினோம், குற்றாலத்தில் பரோட்டா சாப்பிட்டோம். நீங்கள் அடிக்கடி எழுதும் சொதியோ பதநீரோ கிடைக்கவில்லை. ஊர்ச் சாப்பாட்டைத் தேடி வருகிறவர்கள் எங்கே போக வேண்டும்?

ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

எங்கள் சீமைச் சாப்பாட்டுக்கு இடத்தைவிட வேளைதான் முக்கியம். சொதியையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் வைக்கும் விருந்துக்கு உரியது அது. பின்பிழிந்த தேங்காய்ப்பாலில் காய்களை வேகவைத்து, குழைந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, இறக்கும் தறுவாயில்தான் முதற்பாலை ஊற்றுவார்கள், கொதித்தால் திரிந்துவிடும். அவ்வளவு தேங்காய்ப்பாலும் செரிக்க வேண்டுமே என்று இலையில் இஞ்சித் துவையலும் வைப்பார்கள். இப்போது சில உணவகங்களிலும் சொதி கிடைக்கிறது. ஆனாலும் யாராவது கல்யாணத்துக்கு அழைத்தால் மறுநாளும் தங்கிவிடுங்கள்.

பதநீருக்காக வருவதென்றால் சித்திரை, வைகாசியில் வாருங்கள். உடன்குடிப் பக்கம், சிவந்த தேரிமண் கிடக்கும் ஊர் ஒன்றில் நான்கு நாள் தங்குங்கள். 1986இல் அது தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போய்விட்டது என்றாலும் எங்களுக்கு அதுவும் நெல்லைச் சீமைதான். காலையில் பனையேறி இறக்கும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருக்கும். தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். பச்சை ஓலையில் மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றித் தருவார். இரு கையாலும் ஏந்தி வாய் வைக்கும்போது, இனிப்பு நாக்கில் படுவதற்கு முன்பே ஓலையின் பச்சை வாசனை மூக்கில் ஏறும். அடியில் சுண்ணாம்பு மண்டி தங்கியிருக்கும். அந்தக் கடைசி வாயைக் கீழே ஊற்றிவிடுங்கள்.

வெயில் ஏறிய பிறகு போனீர்களானால் பதநீர் அடுப்புக்குப் போயிருக்கும். அதற்காகத் திரும்பிவிடாதீர்கள். பனைக்கூட்டத்துக்கு நடுவே ஓலை வேய்ந்த விடிலிக்குள் பெண்கள் அதைக் கருப்பட்டியாகக் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். பொங்கி வரும் நுரையில் நசுக்கிய ஆமணக்கு விதையைக் கொஞ்சம் போட்டதும் நுரை அடங்கும்; பாகு பதமானதும் தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவார்கள். நீங்கள் பார்ப்பது அவர்களுடைய பிழைப்பு. கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நின்றால் அவர்களே கூப்பிட்டுச் சூடான பாகைச் சிரட்டையில் ஊற்றிக் கொடுப்பதுண்டு. அதற்குக் காசு வாங்க மாட்டார்கள். ஆகவே வீட்டுக்கு வேண்டிய கருப்பட்டியை அங்கேயே, அவர்கள் சொல்லும் விலைக்கு, பேரம் பேசாமல் வாங்கி வாருங்கள்.