பூடுல் கலப்பு நாய் வளர்ப்பு: தரையில் விழாத முடி எங்கே போகிறது?

மெல்பர்னில் நாய்களுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டும் வேலை செய்கிறேன். என் மேசைக்கு வருவதில் பெரும்பாலானவை பூடுல் என்ற சுருட்டை முடி நாயை வேறு இனத்தோடு சேர்த்த கலப்புகள்தான், பொதுவாக டூடுல் என்பார்கள்: லாப்ரடூடுல் (லாப்ரடாரோடு), கோல்டன்டூடுல் (கோல்டன் ரெட்ரீவரோடு), கவூடுல் (கவலியர் ஸ்பேனியலோடு), மால்டிபூ (மால்டீஸோடு). வாங்கும்போது யாரும் சொல்லாததையெல்லாம் தயங்காமல் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

கேள்வி (மெல்பர்ன்): அக்கா, என் மகனுக்கு நாய் பக்கத்தில் வந்தாலே தும்மலும் இரைப்பும். முடி கொட்டாத நாய், ஒவ்வாமை வராது என்று சொல்லி லாப்ரடூடுல் குட்டி ஒன்றைக் காட்டுகிறார்கள். நம்பி வாங்கலாமா?

அந்த வார்த்தையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒவ்வாமையைக் கிளப்புவது முடி இல்லை. எச்சில், தோல் செதில், சிறுநீர் இவற்றில் இருக்கும் புரதங்கள்தான் காரணம். அவை எல்லா நாய்க்கும் உண்டு. 2011-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் வீடுகளின் தூசியை எடுத்துச் சோதித்தார்கள். ‘ஒவ்வாமை தராத இனம்’ என்று விற்கப்படும் நாய் இருந்த வீட்டுக்கும் மற்ற நாய் இருந்த வீட்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

இந்தக் கலப்பு பிரபலமானதே நம் ஊரில்தான். இங்கே வழிகாட்டி நாய்களைப் பயிற்றுவிக்கும் சங்கத்தில் வாலி கான்ரன் என்பவர் இருந்தார். ஹவாயில் பார்வையற்ற ஒரு பெண்ணுக்கு வழிகாட்டி நாய் வேண்டும், ஆனால் அவர் கணவருக்கு நாய் ஒத்துக்கொள்ளாது. பூடுல்களைப் பழக்கிப் பார்த்தும் சரிவராமல், 1989-ல் லாப்ரடாரோடு பூடுலைச் சேர்த்தார் கான்ரன். பிறந்தவை மூன்று குட்டிகள். மூன்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பினார்கள். அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டி, சுல்தான். கூடப்பிறந்த மற்ற இரண்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இதைத்தான் விற்பவர்கள் சொல்வதில்லை. இப்படி ஒரு கலப்பைத் தொடங்கி வைத்ததற்காக வருந்துவதாக 2019-ல் கான்ரனே வெளிப்படையாகச் சொன்னார்.

அதனால் மகனை அழைத்துப் போய், வாங்கப்போகும் அதே குட்டியோடும் அதன் தாயோடும் சில மணி நேரம் இருக்கச் சொல்லுங்கள். நக்க விடுங்கள். ஒரு தடவை போதாது, இன்னொரு நாளும் போங்கள். இரைப்பு உள்ள பிள்ளை என்பதால் டாக்டரிடம் கேட்டுவிட்டு இதைச் செய்யுங்கள்.

கேள்வி (சிட்னி): எஃப்1, எஃப்1பி என்கிறார்களே, எதை வாங்கினால் முடி கொட்டாது?

எஃப்1 என்றால் ஒரு பக்கம் சுத்த பூடுல், மறு பக்கம் சுத்த லாப்ரடாரோ கோல்டன் ரெட்ரீவரோ. அந்த எஃப்1 நாயை மறுபடியும் பூடுலோடு சேர்த்தால் எஃப்1பி. பூடுல் பங்கு கூடினால் முடி கொட்டுவது பொதுவாகக் குறையும், ஆனால் உறுதி கிடையாது. ஒரே ஈற்றில் ஒன்று சுருட்டையாக, ஒன்று அலையலையாக, ஒன்று நேர் முடியாகப் பிறப்பதும் உண்டு. குட்டியின் முகத்தைப் பாருங்கள். எட்டு வாரத்தில் மீசையும் தாடியும் புருவமும் தெரியாமல் மூஞ்சி வழுவழுவென்று இருந்தால், அது வளர்ந்து நன்றாகவே முடி கொட்டும்.

சுருட்டை முடிதான் தொல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அலையலையான, பஞ்சு போன்ற முடிதான் அதிகம் சடை பிடிக்கிறது. லாப்ரடாரின் அடிமுடி உதிரும், ஆனால் பூடுலின் நீள முடி அதைக் கீழே விழ விடாது. சோபாவில் முடி இல்லை என்று சந்தோஷப்படுகிறோம், அந்த முடியெல்லாம் நாயின் மேலேயே சிக்கிக் கிடக்கிறது. டூடுல் வளர்ப்பின் பாடெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

கேள்வி (பிரிஸ்பேன்): தினமும் சீவுகிறேன். ஆனாலும் குரூமர் “சடை பிடித்துவிட்டது” என்று ஒட்ட வெட்டி அனுப்பிவிட்டார். பிள்ளைகள் அழுகிறார்கள். வேலையைச் சுலபமாக்க அப்படிச் செய்தாரா?

இல்லை அம்மா. நீங்கள் தினமும் சீவியதும் உண்மை, சடை இருந்ததும் உண்மை. மேலாகச் சீவினால் மேல்முடி மட்டும் பட்டுப்போல இருக்கும். அடியில், தோலை ஒட்டி, கம்பளித் துணி மாதிரி ஒரே பாளமாகப் பிடித்துக்கொள்ளும்.

சோதிக்க ஒரு சீப்பு போதும். பல் நெருக்கமாக ஒரு பாதியும் அகலமாக மறு பாதியும் உள்ள இரும்புச் சீப்பு. அதைத் தோல் வரை இறக்கி மெல்ல இழுங்கள். தடையில்லாமல் நுனி வரை வந்தால் சரி. நின்றால் அங்கே முடிச்சு இருக்கிறது. காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப்பட்டை உரசும் இடம், வால் அடி, விரல் இடுக்கு: முடிச்சு ஆரம்பிப்பதெல்லாம் இங்கேதான்.

சீவும் முறையையும் மாற்றுங்கள். நாயை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். காலில் கீழிருந்து ஆரம்பியுங்கள். இடது கையால் முடியை மேல்நோக்கி அழுத்திப் பிடித்தால் தோல் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டிலிருந்து ஒரு விரற்கடை முடியை மட்டும் கீழே விட்டு ஸ்லிக்கர் பிரஷ்ஷால் (மெல்லிய கம்பிப் பற்கள் நெருக்கமாக உள்ள பிரஷ்) சீவுங்கள், அதன்மேல் சீப்பு. அது சுத்தமானால் அடுத்த கோடு. இப்படியே வரி வரியாக முதுகு வரை. ஒரே இடத்தில் பிரஷ்ஷை அழுத்தித் தேய்க்காதீர்கள், தோல் சிவந்து எரியும். பெரிய டூடுலுக்கு முழு உடம்பும் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் இன்று கால்கள், நாளை வயிறு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒட்ட வெட்டியதைப் பற்றி: பாளமாகிவிட்ட சடையைப் பிரிப்பது நாய்க்குச் சித்திரவதை. சடைக்கும் தோலுக்கும் நடுவில் பிளேடு போக வேண்டுமென்றால் ஒட்ட வெட்டுவதைத் தவிர வழி கிடையாது. சடையை எடுத்த பிறகு அடியில் சிவப்பும் புண்ணும் இருப்பது சாதாரணம். காதுச் சடையை எடுத்ததும் நாய் விடாமல் தலையை உதறி, காது மடலில் ரத்தம் கட்டிவிடும் ஆபத்தும் உண்டு. அழ வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், முடி வளர்ந்துவிடும்.

கேள்வி (பிரிஸ்பேன், அதே அம்மா): முதலில் குளிப்பாட்டி, முடி மெதுவானதும் சீவினால் சுலபம்தானே?

கூடாது. தண்ணீர் பட்டதும் முடிச்சு இன்னும் இறுகும். சீவிய பிறகு குளியல், குளியலுக்குப் பின் தோல் வரை காயவைத்தல், மறுபடி ஒரு சீவல். துண்டால் துவட்டிவிட்டு வெயிலில் விடுவதைக் ‘காயவைத்தல்’ என்று சொல்ல முடியாது.

கேள்வி (ரொறன்ரோ): அக்கா, எங்கட கோல்டன்டூடுலுக்குப் பத்து மாதம். குட்டியாக இருக்கேக்க ஒரு பிரச்சினையும் இல்லை. இந்த விண்டர் தொடங்கினதில இருந்து ஒவ்வொரு கிழமையும் புதுச் சடை. என்ன செய்யிறது?

இரண்டு காரணம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. ஆறு மாதத்திலிருந்து ஏறக்குறைய ஒரு வயது வரை குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும் காலம். நேற்றுவரை வாரம் இரண்டு முறை சீவினால் போதும் என்றிருந்த நாய்க்கு இப்போது தினமும் சீவ வேண்டும். கூடவே பனிக்கால ஜாக்கெட். அக்குளிலும் மார்பிலும் அது உரசும் இடமெல்லாம் சடைதான். வீட்டுக்குள் வந்ததும் ஜாக்கெட்டையும் ஹார்னஸையும் கழற்றிவிடுங்கள். காலில் உருண்டை உருண்டையாக ஒட்டும் பனியைப் பிய்க்காதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துத் துடையுங்கள். தெருவில் போடும் உப்பும் அதோடு போய்விடும், இல்லாவிட்டால் நக்கி வயிற்றுக்குள் போகும். இந்த மாற்றம் முடியும்வரை முடியைக் கட்டையாக வெட்டி வைத்தால் இருவருக்கும் நிம்மதி.

கேள்வி (சிட்னியின் வட கடற்கரைப் பகுதி): கவூடுலை நீள முடியோடு வைத்திருக்கிறோம். உண்ணிக்கு மாத்திரை கொடுக்கிறோம். அது போதும்தானே?

மாத்திரையை நாள் தவறாமல் கொடுங்கள், ஆனால் கையால் தேடுவதை நிறுத்தாதீர்கள். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரம் இருக்கும் முடக்கு உண்ணி ஒன்றே ஒன்று போதும், நாயைக் கொன்றுவிடும். வசந்தமும் கோடையும் மோசம். நீள முடிக்குள் அது கண்ணுக்குத் தெரியாது. விரல் நுனியைத் தோலில் வைத்துத் தலை, கழுத்து, காது உள்மடல், உதடு, விரல் இடுக்கு எல்லாம் தினமும் தடவுங்கள். பின்னங்கால் தள்ளாடினாலோ, குரைக்கும் சத்தம் மாறினாலோ, வாந்தி எடுத்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். விழுங்கும் சக்தி குறைந்திருக்கும், அதனால் வழியில் சாப்பாடும் தண்ணீரும் கொடுக்காதீர்கள். உண்ணிக் காலத்தில் முடியை ஓர் அங்குலத்துக்கு வெட்டிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. நீள முடி அழகுதான், ஆனால் அதற்காக இவ்வளவு பெரிய ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை.

கேள்வி (சென்னை): மால்டிபூ, இரண்டு வயது. மே மாத வெயிலுக்கு மொட்டை அடித்துவிடலாமா மேடம்?

மொட்டை வேண்டாம் தம்பி. தோல் தெரிய எடுத்தால், வெள்ளை நாய்க்கு வெயிலில் தோல் வெந்துவிடும். ஒரு அங்குலம் விட்டு வெட்டுங்கள். நடை காலை வெயில் ஏறுவதற்கு முன்னால், தார்ச் சாலை சுடும் நேரத்தில் அறவே வேண்டாம். உங்கள் ஊரில் வெயிலைவிடப் புழுக்கம் பெரிய எதிரி. குளித்த ஈரம் அடியில் நின்றால் தோலில் பூஞ்சை வந்து நாற்றம் எடுக்கும். அப்புறம் உண்ணிக் காய்ச்சல். சாப்பாட்டில் விருப்பமில்லாமல் சுருண்டு படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ உடனே ரத்தப் பரிசோதனை.

கேள்வி (லண்டன்): காதுக்குள் இருக்கும் முடியைப் பிடுங்க வேண்டுமா?

காது நன்றாக இருந்தால் பிடுங்க வேண்டாம், பிடுங்கிய இடம் புண்ணாகித் தொற்று வர வழியாகும். குளித்தபின் துடைத்து உலர்த்துங்கள். நாற்றமோ பழுப்பு அழுக்கோ சொறிதலோ இருந்தால் டாக்டர் பார்க்கட்டும்.

கேள்வி (மெல்பர்ன்): ஒரு தடவைக்கு நூறு டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். வீட்டிலேயே வெட்டினால் என்ன?

தாராளமாக வெட்டலாம். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும் என்பதால் செலவு கையைக் கடிக்கும்தான். நல்ல கிளிப்பர், நுனி மழுங்கிய கத்தரிக்கோல் வாங்குங்கள். குளித்துக் காய்ந்த, சிக்கில்லாத முடியில்தான் கிளிப்பர் ஓடும். பிளேடு சூடாகும், அடிக்கடி உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். சடையைக் கத்தரிக்கோலால் வெட்டவே வெட்டாதீர்கள். சடை தோலையும் சேர்த்து மேலே இழுத்திருக்கும், முடி என்று நினைத்துச் சதையை வெட்டிவிடுவீர்கள். கண் ஓரமும் பாதமும் பழகும்வரை குரூமரிடம் விடுங்கள்.

குட்டியாக இருந்தால் வெட்டுவதற்கு முன்னால் பழக்குங்கள். கிளிப்பரை ஓடவிட்டு, முடியைத் தொடாமல், தோளில் அதன் அடிப்பக்கத்தை மட்டும் வைத்து எடுத்து ஒரு தின்பண்டம். பாதத்தைப் பிடித்து விட்டால் ஒரு தின்பண்டம். தடுப்பூசி முடிந்ததும் குரூமரிடம் ஒருமுறை கூட்டிப் போங்கள். ஒரு வயதில் சடையோடு முதல் முறையாக வரும் நாய்க்கு அந்த மேசை காலம் முழுக்கப் பயம்தான்.

கேள்வி (ஜீலோங், விக்டோரியா மாநிலம்): கலப்பு என்றால் நோய் குறைவு என்கிறார்கள். உண்மையா?

அப்படி நம்பி விலை கொடுக்காதீர்கள். லண்டன் ராயல் வெட்டர்னரி காலேஜ் 2024-ல் காக்கபூ (காக்கர் ஸ்பேனியல் பூடுல் கலப்பு), லாப்ரடூடுல், கவபூ (நாம் கவூடுல் என்பதுதான்) மூன்றையும் அவற்றின் தாய் தந்தை இனங்களோடு ஒப்பிட்டது. பெரும்பாலான நோய்களில் வித்தியாசம் இல்லை. எனவே தாய் தந்தை இரண்டின் சோதனை முடிவுகளையும் கேளுங்கள். லாப்ரடார், கோல்டன், பெரிய பூடுல் என்றால் இடுப்பு எக்ஸ்ரே. கவலியர் என்றால் இதயம். குட்டைப் பூடுல் என்றால் முழங்கால் சில்லு. எல்லாவற்றுக்கும் கண். விக்டோரியாவில் விளம்பரத்தில் மைக்ரோசிப் எண்ணும் விற்பவரின் பதிவு எண்ணும் போட வேண்டும் என்பது சட்டம். அவை இல்லாவிட்டால் அங்கே போகவே போகாதீர்கள். தாயைக் காட்ட மறுத்தாலும் அப்படித்தான்.

கேள்வி (மெல்பர்ன்): அம்மாவின் கவூடுலுக்குப் பதின்மூன்று வயது. இதயக் கோளாறு. மேசையில் நிற்க முடியவில்லை. முடி வெட்டாமலே விட்டுவிடலாமா?

விடக் கூடாது. சடை இழுக்கும் வலி கிழ நாய்க்கு இன்னும் அதிகம். முதலில் டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம் குரூமரிடம் இதயக் கோளாறை முன்கூட்டியே சொல்லி, கூட்டமில்லாத காலை நேரம் வாங்குங்கள். வழுக்காத விரிப்பில் படுத்தபடியே வெட்டச் சொல்லுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டாம், இரண்டு மூன்று தவணையாகச் செய்யலாம். பெரிய டிரையரும் கூண்டும் வேண்டாம், துண்டும் மெல்லிய காற்றும் போதும். உடம்பு முழுக்க ஒரே சீராகக் கட்டையாக இருக்கட்டும். கண், பின்புறம், பாதத்தின் அடி, நகம் இந்த நான்கும் சுத்தமாக இருந்தால், மற்ற இடத்தில் முடி ஏற்ற இறக்கமாக இருந்தாலும் பரவாயில்லை.