கேள்வி பதில்: வலிப்பு மருந்து சாப்பிடற குழந்தைங்களும் வைட்டமினும்

கேள்வி: எங்க பையனுக்கு 7 வயசு. வலிப்புக்கு 3 வருஷமா கார்பமாசெபின் குடுக்கறோம், ஃபிட்ஸ் வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. கொஞ்ச நாளா கால் வலிக்குதுன்னு அழறான். பிளட் டெஸ்ட்ல வைட்டமின் டி 14னு வந்திருக்கு. தினம் வெயில்ல விளையாடற பையன்தான். மாத்திரையாலதான் குறைஞ்சதுன்னா அதை நிறுத்திடலாமா டாக்டர்?

பதில்: நிறுத்தவே கூடாதும்மா, நீங்களா ஒரு வேளைகூட குறைக்காதீங்க. அடங்கியிருக்கற ஃபிட்ஸ், மருந்தை திடீர்னு விட்டா திரும்ப வரலாம், சில குழந்தைங்களுக்கு விடாம தொடர்ச்சியா வந்து ஐசியூல சேர்க்கற நிலைமைக்குப் போயிடும். வைட்டமின் டி குறைஞ்சா ஏத்திக்கலாம், அதுக்கு வழி இருக்கு.

உங்க சந்தேகம் நியாயமானதுதான். கார்பமாசெபின், ஃபெனிடோயின், ஃபீனோபார்பிட்டோன் இந்த மூணு வலிப்பு மருந்தும் லிவர்ல மருந்துகளை உடைக்கற என்சைம்களை முடுக்கி விட்டுடும், அது வைட்டமின் டியையும் சேர்த்து வேகமா உடைச்சுத் தள்ளிடும், அதனால பையன் எவ்ளோ வெயில்ல விளையாடினாலும் உடம்புல சேர்றதைவிட செலவாகறது ஜாஸ்தியா இருக்கலாம். வால்ப்ரோயேட்ங்கற இன்னொரு வலிப்பு மருந்து இப்படி முடுக்காது, ஆனா அதை ரொம்ப நாள் எடுக்கற குழந்தைங்களுக்கும் எலும்பு பலம் குறையறதைப் பார்த்திருக்காங்க. பொதுவா 20 ng/mLக்குக் கீழ போனா குறைவுன்னு எடுத்துக்குவாங்க, அதனால 14ங்கறது கவனிக்க வேண்டிய நம்பர்தான். இந்த மருந்துங்களை ஆரம்பிக்கும்போதே ஒரு தடவை டெஸ்ட் பண்ணி வச்சுட்டா நல்லது, நிறைய பெத்தவங்களுக்கு இதை யாரும் சொல்றதே இல்லைங்கறதுதான் எனக்கு வருத்தம்.

கால் வலி இதனாலயும் இருக்கலாம், இந்த வயசுல சும்மாவும் ராத்திரில கால் வலிக்கும். அவன் தரையில உட்கார்ந்து எழுந்திருக்கறப்போ பாருங்க, தொடையில கையை ஊணி எழறானா, மாடிப்படி ஏற சிரமப்படறானா, முழங்கால் வளைஞ்ச மாதிரி இருக்கா, இதையெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லுங்க. வைட்டமின் டியோட கால்சியம், பாஸ்பரஸ், எலும்பு பாதிப்பைக் காட்டற அல்கலைன் பாஸ்பட்டேஸும் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. கால்சியம் ரொம்ப இறங்கினா அதுவே ஃபிட்ஸைக் கொண்டு வரும், அப்போ வலிப்பு மருந்தோட டோஸை மட்டும் ஏத்திட்டே போனா பிரயோஜனம் இல்ல.

1 வயசுக்கு மேல சாதாரண குழந்தைக்கு தினம் 600 யூனிட் போதும், என்சைமை முடுக்கற மருந்து சாப்பிடற குழந்தைக்கு 2, 3 மடங்கு தேவைப்படலாம், இப்போ குறைஞ்சிருக்கறதை ஈடு கட்ட டோஸ் வேற. அதை டாக்டர் எழுதட்டும். அளவு மீறினா கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம்னு வரும். கிட்னில கல்லு கூட வரும், டோபிரமேட்ங்கற வலிப்பு மருந்து சாப்பிடற குழந்தைங்களும், வலிப்புக்காக கொழுப்பு ஜாஸ்தியா மாவுச்சத்து கம்மியா சாப்பிடற கீட்டோஜெனிக் டயட்ல இருக்கறவங்களும் ஏற்கெனவே கல்லு வர வாய்ப்புள்ளவங்க, அவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். சுமார் 3 மாசம் கழிச்சு திரும்ப டெஸ்ட் எடுத்துப் பாருங்க. ஃபோலிக் ஆசிட் மாத்திரையையும் நீங்களா சேர்க்காதீங்க, ஃபெனிடோயின் சாப்பிடறவங்களுக்கு அது அதிகமானா ரத்தத்துல மருந்தோட அளவே குறைஞ்சு ஃபிட்ஸ் திரும்பலாம்.

கேள்வி: எங்க பொண்ணுக்கு 5 வயசு. வலிப்புக்கு லெவெட்டிராசிட்டம் சிரப் ஆரம்பிச்சதிலேர்ந்து எதுக்கெடுத்தாலும் கோவம், கையில கிடைச்சதைத் தூக்கி எறியறா. வைட்டமின் பி6 குடுத்தா சரியாயிடும்னு சொல்றாங்க, குடுக்கலாமா?

பதில்: இந்தக் கோவம் அந்த மருந்துக்கு நல்லாவே தெரிஞ்ச பக்கவிளைவு, பிடிவாதம்னு நினைச்சு அவளை அடிச்சுடாதீங்கம்மா. சில டாக்டருங்க பி6 குடுத்துப் பார்க்கறாங்க, சில குழந்தைங்க அமைதியாகவும் ஆகறாங்க, ஆனா ஆதாரம் அவ்ளோ வலுவா இல்ல. கடைல வாங்கி இஷ்டத்துக்கு குடுக்கற விஷயமும் இல்ல, அதிக டோஸ்ல நாள்கணக்கா எடுத்தா நரம்பு பாதிச்சு கைகால் மரத்துப் போகும். பி6னாலயே அடங்கற வலிப்புன்னு ஒண்ணு இருக்கு, 1954லயே அதைப் பத்தி எழுதிட்டாங்க, பெரும்பாலும் பிறந்த கொஞ்ச நாள்லயே ஆரம்பிக்கும், வழக்கமான மருந்து எதுவும் கேட்காது, அந்தக் குழந்தைங்களுக்கு ஆயுசுக்கும் பி6 வேணும். உங்க பொண்ணு விஷயம் வேறன்னுதான் நீங்க சொல்றதை வச்சுத் தெரியுது. எந்த நேரத்துல கோவம் ஜாஸ்தியா வருது, டோஸ் ஏத்தின பிறகு கூடிச்சா, தூக்கம் எப்படின்னு ஒரு வாரம் எழுதி வச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க. டோஸை மாத்தலாம், தேவைப்பட்டா வேற மருந்துக்கே மெதுவா மாத்தலாம், அதை அவர் பார்த்து முடிவு பண்ணுவார்.