கொடுத்த கோலைத் திரும்பப் பெறலாமா?

கால்பந்தில் கொடுத்த கோலை நடுவர் திரும்பப் பெறலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் புரிகிறது. விசில் ஊதி கோல் கொடுத்த நடுவர், துணை நடுவரிடம் பேசிவிட்டு ஆஃப்சைடு (பந்து அனுப்பப்பட்டபோது விதி அனுமதிக்காத அளவுக்கு எதிரணி கோல் பக்கம் முன்னேறி நின்று ஆட்டத்தில் பங்கெடுப்பது) என்று ரத்து செய்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். ஆனால் விதிப்படி அவர் செய்தது சரி.

நீங்கள் எழுதியதில் முக்கியமான வரி, ‘மைய உதை இன்னும் எடுக்கவில்லை’ என்பது. மைய உதை என்றால், கோலுக்குப் பின் ஆடுகளத்தின் மையத்திலிருந்து ஆட்டத்தை மறுபடி தொடங்கும் உதை. நடுவரைப் பற்றிய ஆட்ட விதி 5 பார்ப்பது இதைத்தான்: ஆட்டம் மறுபடி தொடங்காத வரை, தன் முடிவு தவறு என்று தெரிந்தால் நடுவர் மாற்றிக்கொள்ளலாம். துணை நடுவர் சொல்லியும் மாற்றலாம். மைய உதை எடுத்தாகிவிட்டால், பிறகு அவரே தவறை உணர்ந்தாலும் அந்த கோலை ரத்து செய்ய முடியாது. விசில் ஊதியதா இல்லையா என்பது இங்கே கணக்கில் வராது.

துணை நடுவர் ஆஃப்சைடு காட்ட உயர்த்திய கொடியை இறக்காமல் நின்றார் என்கிறீர்களே, அவர் அப்படித்தான் நிற்க வேண்டும். நடுவர் கவனிக்கத் தாமதமாகியிருக்கிறது, அவ்வளவுதான். இறுதி முடிவு எப்போதும் நடுவருடையது. துணை நடுவர் ஆலோசனை மட்டுமே சொல்வார்.

அப்புறம், ரத்து செய்தபின், கோல் அடித்த அணியின் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் (நேராக கோல் அடிக்க முடியாத உதை) கொடுத்தாரா? கோல் கிக் (கோல் முன்னாலிருந்து எடுக்கும் உதை) கொடுத்திருந்தால் அது தவறு, அதைக் கேட்டிருக்கலாம்.