நாலரை மணிக்குச் சாப்பிட்டவர்

கேள்வி: நானும் கணவரும் ஓசூரில் வேலை பார்க்கிறோம். பெண்ணுக்குப் பதினொரு வயது, பையனுக்கு ஏழு. மாமியார் வீடு காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமம். ஒவ்வொரு பொங்கலுக்கும் அங்கேதான் போகிறோம். கணவரின் அண்ணன், தம்பி குடும்பங்களும் வந்துவிடும், மொத்தம் பதினாறு பேர். ஆனால் யாருக்கும் ஆர்வமே இல்லை. ஆண்கள் டிவி முன்னால், பிள்ளைகள் போனில். சினிமாவில் வருகிற மாதிரி எல்லோரும் கூடி உட்கார்ந்து சிரித்துப் பேசிக் கொண்டாட மாட்டார்களா என்று ஏக்கமாக இருக்கிறது. என் பெண்ணுக்கு 'லிட்டில் விமன்' நாவலை வாசித்துக் காட்டினேன். அதில் வரும் கிறிஸ்துமஸைக் கேட்டுவிட்டு, "நம்ம வீட்ல ஏம்மா இப்படி ஒண்ணும் இல்ல?" என்கிறாள். இந்த வருடம் நானே முயற்சி எடுத்தேன். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் உடை வாங்கினேன். காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்ததும் வாசலில் அலங்காரம் செய்தேன். சாப்பாட்டுக்குக் குறையில்லை, அத்தையின் பிதுக்கம்பருப்புக் குழம்பை எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் அத்தை சாப்பிட உட்காரவே நாலரை ஆகிவிட்டது. அவர் சாப்பிட்டு, ஏனங்களை ஒதுக்கி, புடவை மாற்றி வருவதற்குள் வெளிச்சம் போய், குரூப் போட்டோகூடச் சரியாக வரவில்லை. மனசே விட்டுப் போச்சு. அடுத்த பொங்கலுக்கு நாங்கள் நாலு பேர் மட்டும் ஓசூரிலேயே இருந்து, எங்களுக்கென்று ஒரு புது வழக்கத்தை உண்டாக்கிக்கொள்ளலாமா?
— பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்: அம்மா, பொங்கல் முடிந்த பத்து நாளுக்குள் இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு வரிசையாக வந்துவிடும். தீபாவளிக்கு அப்புறமும் வரும். ஊர் மாறும், வயசு மாறும், ஏக்கம் மட்டும் மாறாது: எங்கள் வீட்டுப் பண்டிகை படத்தில் வருகிற மாதிரி இல்லை. அதனால் 'கவலைப்படாதீர்கள், எல்லா வீட்டிலும் இப்படித்தான்' என்று உங்களைத் தட்டிக்கொடுக்கப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் மேலே போக முடியவில்லை.

'அத்தை சாப்பிட உட்காரவே நாலரை ஆகிவிட்டது.'

அந்த வரியை எதற்காக எழுதினீர்கள் என்று நீங்களே திரும்பப் படித்துப் பாருங்கள். போட்டோ கெட்டுப்போனதற்குக் காரணம் சொல்ல எழுதியிருக்கிறீர்கள். ஒரு வயசான பெண் பண்டிகை நாளில் சாயங்காலம் வரை சாப்பிடாமல் இருந்தது உங்கள் கண்ணில் படவே இல்லை, வெளிச்சம் போனதுதான் பட்டது. நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று எழுதவில்லை. உங்கள் கணவர்? பிள்ளைகள்? ஒன்றரை, இரண்டுக்குள் எல்லோருக்கும் இலை விழுந்திருக்கும். போட்டது யார், எடுத்தது யார்? பொங்கல் பானை வைக்க அவர் விடியற்காலை நாலு மணிக்காவது எழுந்திருப்பார். நாலிலிருந்து நாலரை, பன்னிரண்டரை மணி நேரம். நடுவில் ஒரு டம்ளர் டீ குடித்திருந்தால் அதிகம்.

பிதுக்கம்பருப்பை எல்லோரும் பாராட்டினார்கள் என்கிறீர்கள். நானும் தருமபுரிப் பக்கம் பிறந்தவள்தான். அந்தக் குழம்பு எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். பச்சை மொச்சையை உரித்துக் கொட்டை எடுக்க வேண்டும். ராத்திரி தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு கொட்டையாக எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு பிதுக்கு. தோல் கையில் நிற்கும், பருப்பு ஏனத்தில் விழும். அப்புறம் அடுத்தது. இதற்குக் குறுக்கு வழி கிடையாது. கொஞ்ச நேரத்தில் விரல்நுனி ஊறிச் சுருங்கிவிடும், நகக்கண் வலிக்கும். நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும். தனியாக உட்கார்ந்தால் ராத்திரி முழுக்கப் போகும். பதினாறு பேருக்கு அவர் தனியாகத்தான் பிதுக்கியிருக்கிறார், நீங்கள் வந்ததே காலை பத்து மணிக்கு.

என் அம்மா பண்டிகை நாளில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதாக எனக்கு ஒரு நினைவுகூட இல்லை. "நீங்க சாப்புடுங்க சாமி, எனக்கு இப்பப் பசியில்ல" என்பார். அதை நம்பித்தான் வளர்ந்தேன். எனக்குக் கல்யாணமாகி, ஒரு தீபாவளி அன்று அடுப்பு முன்னால் நாலைந்து மணி நேரம் நின்ற பிறகுதான் புரிந்தது. அந்தப் பசி வந்து, கேட்பாரில்லாமல் செத்துப் போயிருக்கிறது. அதற்கு மேல் சோற்றைப் பார்த்தாலே வேண்டாம் என்றிருக்கும். அம்மாவிடம் அதைச் சொல்ல நான் ஊருக்குப் போனபோது அவருக்குச் சர்க்கரை வந்து, இனிப்புப் பொங்கலே சாப்பிடக் கூடாது என்றாகியிருந்தது. அதனால்தான் உங்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறேன்.

சரி, சினிமாவுக்கு வருவோம். படத்தில் பண்டிகை ஒரு பாட்டுக்குள் முடிந்துவிடும். பெரிய வீடு, கூடத்தில் ஊஞ்சல், வாசல் நிறையக் கோலம், தாத்தா மடியில் பேரன். சமையற்கட்டைக் காட்டினால் பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக ஒரு அம்மா கரண்டியால் ஒரு சுற்றுக் கிண்டுவார். அண்டாவில் அடிப்பிடித்ததைத் தேங்காய் நார் போட்டுத் தேய்க்கிற அம்மாவை எந்தப் பொங்கல் பாட்டிலும் நான் பார்த்ததில்லை. நீங்கள் வாங்கிக் கொடுத்த அந்த ஒரே நிறப் புடவையை உங்கள் அத்தை காலையிலேயே ஏன் கட்டவில்லை என்று யோசித்தீர்களா? விறகடுப்புக்கும் எண்ணெய்க்கும் நடுவில் எதைக் கட்டிக்கொண்டு நிற்பது?

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950-இல் தொடராக ஆரம்பித்தது. அதன் முதல் அத்தியாயமே ஆடிப்பெருக்குதான். வீரநாராயண ஏரிக்கரையில் ஊரே கூடியிருக்கிறது, குடும்பம் குடும்பமாகச் சித்திரான்னம் சாப்பிடுகிறார்கள், பெண்கள் பாடுகிறார்கள். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போனவர்களுக்கு அந்தக் கூட்டமும் கட்டுச்சோற்று மணமும் தெரிந்ததாகவே இருக்கும். அந்தக் காட்சியை நமக்குக் காட்டுவது யார்? குதிரைமேல் போகிற வந்தியத்தேவன். குதிரைமேல் இருந்து பார்க்கிறவன் கண்ணுக்குப் பண்டிகை அழகாகத்தான் தெரியும். அந்தப் புளியோதரைக்கு யார் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று அவன் கேட்க வேண்டியதில்லை. அவன் வேறு காரியமாகப் போகிற வழிப்போக்கன். நீங்கள் அந்த வீட்டு மருமகள்.

இப்போது உங்கள் பெண்ணுக்கு வாசித்துக் காட்டிய புத்தகம். லூயிசா மே ஆல்காட் 1868-இல் எழுதியது. அந்த முதல் அத்தியாயத்தை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்பா போருக்குப் போயிருக்கிறார். வீட்டில் கையிருப்பு இல்லை. பரிசு இல்லாமல் என்ன கிறிஸ்துமஸ் என்று முணுமுணுத்தபடிதான் கதையே தொடங்குகிறது. நாலு பெண்களிடமும் ஆளுக்கு ஒரு டாலர் இருக்கிறது, அவரவர்க்கு வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். அம்மா வருகிற நேரம். மூன்றாமவள் பெத், அம்மாவின் வீட்டுச் செருப்பை எடுத்துக் கணப்பு முன்னால் சூடாக வைக்கிறாள். அந்தச் செருப்பு தேய்ந்து போயிருப்பதை அப்போதுதான் மற்றவர்கள் பார்க்கிறார்கள். அந்த இடத்தில் எல்லாம் மாறிவிடுகிறது. தங்களுக்கு எதுவும் வேண்டாம், அந்தக் காசில் அம்மாவுக்கு வாங்குவோம் என்று முடிவு செய்கிறார்கள். மறுநாள் காலை அம்மா கேட்டதும், பசியோடு காத்திருந்த அந்தப் பிள்ளைகள் தங்கள் காலை உணவைத் தூக்கிக்கொண்டு போய், குளிரில் ஒரே கட்டிலில் ஒடுங்கிக் கிடக்கும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

இதை வாசித்துவிட்டு நீங்கள் எடுத்துக்கொண்டது அலங்காரத்தையும் ஒரே நிற உடையையும். பதிமூன்று வயசுப் பெத்துக்கு அம்மாவின் செருப்பு கண்ணில் பட்டது. பிள்ளைகளைப் பெற்று வளர்த்த உங்களுக்கு அத்தையின் நாலரை மணி ஏன் படவில்லை?

'நம் வீட்டில் ஒன்றும் இல்லை' என்று உங்கள் பெண் கேட்டதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? ஒன்றும் இல்லையா? நீங்கள் தோரணம் தொங்கவிட்ட அதே வாசலில் போகியன்றே பூளைப்பூவும் வேப்பிலையும் ஆவாரம்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டியிருப்பார்கள். அது எதற்கு என்று பாட்டியைக் கேட்கச் சொல்லியிருக்கலாம். அதன்மேல் நீங்கள் கடையில் வாங்கிய காகிதப் பூவை மாட்டியிருப்பீர்களோ என்று எனக்குச் சந்தேகம். பிள்ளைகள் அந்தப் பாட்டியோடு ஒரு ராத்திரிகூட முழுசாகத் தங்காதபோது, அந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

புது வழக்கம் உண்டாக்குவதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் வந்தால் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' என்கிற பழைய படத்தைக் குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பார்கள். 1946-இல் வந்தபோது அது பெரிதாக ஓடவில்லை. 1974-இல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள், டிவி நிலையங்கள் காசு கொடுக்காமல் வருஷா வருஷம் போட்டுக்கொண்டே இருந்தன. ஜனங்களும் வருஷா வருஷம் பார்த்தார்கள், பழகிவிட்டது. யாரும் கூடித் தீர்மானம் போடவில்லை. ஒரே காரியத்தை ஒரே ஆட்களோடு திரும்பத் திரும்பச் செய்தால்தான் வழக்கமாகும். ஒரு வருஷம் முயன்று, போட்டோ வரவில்லை என்று விட்டுவிடுகிறீர்களே!

அதனால் டிவி மேலும் எனக்குப் பெரிய கோபம் இல்லை. பொங்கலுக்குப் பட்டிமன்றம் பார்ப்பது இப்போது நம் வழக்கம்தான், பார்க்கட்டும். பெற்றவள் சாப்பிட்ட பிறகு பார்க்கட்டும். உங்கள் கணவருக்கு இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். மருமகள் என்பதால் உங்களை மட்டும் பிடித்துத் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தத் தாய் மூன்று ஆண்பிள்ளைகளைப் பெற்றிருக்கிறார். மூன்று பேருக்கும் கை இருக்கிறது. அம்மா இன்னும் சாப்பிடவில்லை என்று தெரிந்தும் சோபாவில் சாய்கிற மகனை நான் மகன் என்று சொல்ல மாட்டேன். தெரியாமல் சாய்ந்தார்கள் என்றால் அது இன்னும் மோசம்.

ஓசூரிலேயே இருந்துவிடலாமா என்று கேட்டீர்கள். கூடாது. இரண்டு மணி நேரப் பயணம். அந்தம்மா இருக்கும்வரை பொங்கல் அங்கேதான். அவர் தனியாக ஒரு பானை வைத்து, தனியாகப் 'பொங்கலோ பொங்கல்' சொல்லும்படி நீங்கள் விடக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது.

ஆனால் போகிற விதத்தை மாற்றுங்கள். பொங்கலன்று பத்து மணிக்கு விருந்தாளி மாதிரி இறங்காதீர்கள். போகிக்கு முந்தின நாளே போய்விடுங்கள், லீவு போட முடியாது என்றால் கணவரையும் பிள்ளைகளையுமாவது அனுப்பிவிட்டு அப்புறம் போங்கள். சமையற்கட்டை அவரிடமிருந்து பிடுங்க வேண்டாம், அது இன்னொரு கொடுமை. உப்பும் புளியும் அவர் கையில் இருக்கட்டும். தண்ணீர் தூக்குவது, தேங்காய் துருவுவது, இலை போடுவது, எடுப்பது, ஏனம் விளக்குவது எல்லாம் மற்ற பதினைந்து பேருக்கும் பிரியட்டும். பரிமாறுவது மூன்று மகன்களும்தான். முதல் பந்தியில் முதல் இலை அத்தைக்கு. அவர் உட்கார மாட்டார். "அய்யோ, எனக்கென்ன அவசரம்" என்று எழுந்துவிடுவார், இத்தனை வருஷப் பழக்கம். பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "பாட்டி உட்கார்ந்தாத்தான் நான் சாப்பிடுவேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். ஏழு வயசுப் பேரன் சொன்னால் உட்கார்ந்துவிடுவார்.

போட்டோ எடுங்கள், தாராளமாக. மத்தியானம் இரண்டு மணிக்கு நல்ல வெளிச்சம் இருக்கும்.

பொங்கலுக்கு முந்தின ராத்திரி, ஊறின மொச்சையைக் கூடத்தில் கொண்டு வந்து வைத்து எல்லோரும் சுற்றி உட்காருங்கள், போன்களை அலமாரியில் போட்டுவிட்டு. பிதுக்கத் தெரியாதவர்களுக்கு உங்கள் அத்தை சொல்லிக் கொடுப்பார். அந்த நேரத்தில் உங்கள் பெண்ணை, நாலு அக்கா தங்கைகளும் அம்மாவின் தேய்ந்த செருப்பைப் பார்த்த கதையைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். முழுக் கதையும் சொல்லட்டும், மொச்சை தீர நேரம் ஆகும்.