டயரைப் பெரிதாக்கினால் மைலேஜ் குறையுமா?

கேள்வி: குலசேகரத்தில் பொலேரோ ஓட்டுகிறேன். தேய்ந்துபோன 215/75 ஆர்15 டயர்களை மாற்றி 235/75 ஆர்15 போட்டேன். டேங்க் ஃபுல் கணக்கில் 14 கொடுத்த வண்டி இப்போது 13தான் கொடுக்கிறது. பெரிய டயர் டீசல் குடிக்கிறதா?

பதில்: கொஞ்சம் குடிக்கும். ஆனால் அந்த ஒரு கிலோமீட்டரில் பெரும்பகுதி ஓடோமீட்டரின் கணக்குப் பிசகு.

ஓடோமீட்டர் தூரத்தை அளப்பதில்லை. சுற்றுகளை எண்ணி, பழைய அளவால் பெருக்கிக்கொள்கிறது. 215/75 புது டயரின் விட்டம் 703.5 மி.மீ.; 235/75 என்றால் 733.5. வித்தியாசம் 4.3 சதவீதம். மீட்டரில் 100 ஏறும்போது வண்டி 104 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். ஆக உங்கள் 13, உண்மையில் 13.5. டேஷ்போர்டில் தெரியும் மைலேஜும் இதே தூரத்தைத்தான் நம்புகிறது, அதனால் அதிலும் இதே பிழை.

பலர் கவனிக்காத இன்னொன்று: பழைய டயர் தேய்ந்திருந்தது. 8 மி.மீ. பட்டன் (டயரின் மேற்பரப்பு ரப்பர் கட்டைகளின் உயரம்) 2 மி.மீ. ஆகத் தேய்ந்தால் விட்டம் 12 மி.மீ. சுருங்கும், மீட்டர் கூடுதலாகக் காட்டும். பழைய 14 அந்த நிலையில் எடுத்ததென்றால் அதுவே 13.8தான். நிஜ இழப்பு கால் கிலோமீட்டர் அளவுக்குத்தான் வருகிறது.

சரிபார்க்க, காற்றைச் சரியாக வைத்து, ஒருவர் உள்ளே உட்கார, முன் டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். நேராக ஐந்து சுற்று உருட்டி டேப்பால் அளங்கள். ஸ்டெப்னி பழைய அளவென்றால் அதே இடத்தில் மாட்டி, அதையும் அளங்கள். புதியதைப் பழையதால் வகுத்தால் வரும் எண்ணால் ஓடோமீட்டர் தூரத்தைப் பெருக்குங்கள். ஸ்டெப்னி அதிகம் தேயாததாக இருக்க வேண்டும். (அளவு வேறான ஸ்டெப்னியைப் பின் ஆக்சிலில் போட்டு நெடுந்தூரம் ஓடாதீர்கள், இரு பின் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குக் கேடு.)

ஜிபிஎஸ்ஸில் ஒப்பிடுவதாக இருந்தால் காவல்கிணறு பக்கத்து நேர்ரோடு நல்லது. பேச்சிப்பாறை ரோட்டில் ரப்பர் மர நிழலும் வளைவுகளும் அளவைக் குழப்பும். ஸ்பீடோமீட்டரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அது கம்பெனியிலிருந்தே வேகத்தைச் சற்றுக் கூட்டிக் காட்டும்.

மிச்ச இழப்புக்குக் காரணம் டயரின் எடையும் அகலமும். மலையேற்றத்தில் முன்பு மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இப்போது இரண்டாவது கேட்கும், அதற்கும் டீசல் போகும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, டயர் எங்காவது உரசுகிறதா என்றும் பாருங்கள்.