ஊசி மருந்தும் உள்செவியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (மன்னார்குடி): சிறுநீர்த் தொற்றுக்காக என் தந்தைக்கு ஐந்து நாளாக அமிகாசின் ஊசி போடுகிறார்கள். இரவில் காதுக்குள் சில்வண்டு கத்துவதுபோல் இருக்கிறது என்கிறார். ஊசியை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் அடுத்த ஊசி போடுவதற்கு முன்பே மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அமிகாசின், ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகியவை ஒரே குடும்பத்து மருந்துகள். உள்செவியின் நத்தைச்சுருளில், ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள் காதுக்குச் சுமார் 15,000 மட்டுமே உள்ளன. ஒலி பட்டதும் அவற்றின் நுண்மயிர்கள் அசைந்து சிறு வாய்கள் திறக்கின்றன. நாம் கேட்பதற்காகத் திறக்கும் அந்த வாய் வழியாகவே இம்மருந்தும் நுழைந்து, இரத்தத்திலிருந்து நீங்கிய பின்னரும் செல்லுக்குள் நெடுநாள் தங்கி, அதற்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கிறது. பறவைகளுக்கு இச்செல்கள் மீண்டும் முளைக்கின்றன, மனிதருக்கு முளைப்பதில்லை. ஆகவே, காக்க வேண்டிய நேரம் ஊசி போடும் இந்த நாள்கள்தான். இம்மருந்து சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என்ற இரத்தச் சோதனையைப் பார்த்து மருந்தின் அளவைத் திருத்துவதும், நீர் பிரியக் கொடுக்கும் ஃப்ரூஸ்மைடைச் சேர்க்காமல் இருப்பதும், இயலுமானால் வேறு மருந்துக்கு மாறுவதும் மருத்துவர் செய்யக்கூடியவை. முதலில் போவது கீச்சொலிகளே. எனவே பேச்சு நன்றாகக் கேட்கிறதே என்று இருந்துவிடாமல், உயர் அதிர்வெண்களையும் அளக்கும் ஆடியோமெட்ரி என்ற கேள்திறன் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். ஊசி முடிந்த சில வாரங்களுக்குப் பிறகும் கேள்திறன் குறையலாம் என்பதால், மீண்டும் ஒருமுறை சோதிப்பது அவசியம்.

கேள்வி (கும்பகோணம்): என் அம்மாவுக்கும் தாய்மாமனுக்கும் இளவயதில் ஸ்ட்ரெப்டோமைசின் போட்ட பின் காது மந்தமாயிற்று. எனக்கும் ஆபத்து உண்டா?

பதில்: உண்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் 1555 ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறியவர்களுக்கு, வழக்கமான அளவே காதைப் பறித்துவிடலாம். இது தாய்வழியாக மட்டுமே இறங்கும். உங்கள் மாமன் பிள்ளைகளுக்கு அவர் வழியாக வராது, உங்களுக்கு அம்மா வழியாக வரக்கூடும். இதை ஒரு தாளில் எழுதி, மருத்துவச் சீட்டுகளுடன் வைத்திருங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் வாய்விட்டுச் சொல்ல நேரமிருக்காது.

கேள்வி (திருவாரூர்): காதைக் காக்கும் மாத்திரை ஏதும் இல்லையா?

பதில்: சீனாவில் ஜென்டாமைசின் பெற்றவர்களுக்கு ஆஸ்பிரினும் கொடுத்துப் பார்த்த சோதனையொன்று 2006 இல் வெளியானது, கேள்திறன் இழப்பு 13 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைந்திருந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். எனினும் ஆஸ்பிரின் வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடியது. மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள்.

கேள்வி (பட்டுக்கோட்டை): அமாக்சிசிலினும் இப்படித்தானா?

பதில்: இல்லை. அது வேறு குடும்பம்.

கேள்வி (மயிலாடுதுறை): குறைமாதத்தில் பிறந்த என் மகளுக்கு ஜென்டாமைசின் போட்டார்கள். எப்போது சோதிப்பது?

பதில்: வீட்டுக்கு அனுப்பும் முன்பே. தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைக்கு உள்செவியின் எதிரொலியை அளக்கும் ஓஏஇ சோதனை மட்டும் போதாது, ஒலி செவிநரம்பு வழியாக மூளைத்தண்டை எட்டுகிறதா என்று பார்க்கும் பெரா சோதனையும் கேளுங்கள். குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் காது கேட்கும் கருவி பொருத்திவிட்டால், மழலை தடைப்படாமல் வளர நல்ல வாய்ப்புண்டு.