அன்குரூப் ஆல் அழுத்தும் முன்

வாசகர் கேள்வி – பதில்

கோரல் டிரா, இன்க்ஸ்கேப், இல்லஸ்ட்ரேட்டர் ஆகிய மூன்று வரைகலை மென்பொருளிலும் குரூப் போடுவது (பல துண்டுகளை ஒன்றாகக் கட்டுவது), பிரிப்பது (அன்குரூப்) பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: வீட்டிலேயே காபித்தூள் பாக்கெட் போட்டு விற்கிறோம். லேபிளை ஒருவர் கோரல் டிராவில் செய்து கொடுத்தார். '200 கிராம்' என்பதை '500 கிராம்' ஆக்கினால் போதும். எழுத்தைத் தொட்டாலே லேபிள் முழுவதும் சேர்ந்து நகர்ந்ததால் 'அன்குரூப் ஆல்' கொடுத்துவிட்டேன். இப்போது காபிக்கொட்டைப் படம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒன்றை இழுத்தால் இன்னொன்று விட்டுப்போகிறது. சேமித்தும் விட்டேன்.
– வாசகி, ஏற்காடு

பதில்: ஃபைலை இன்னும் மூடவில்லை என்றால் கன்ட்ரோல்-இசட் அழுத்திப் பின்னால் போய்க்கொண்டே இருங்கள். சேமித்திருந்தாலும் பரவாயில்லை. மூடியிருந்தால் அதே ஃபோல்டரில் 'பேக்கப் ஆஃப்' என்று தொடங்கும் பெயரில் இன்னொரு ஃபைல் இருக்கிறதா பாருங்கள். அந்த வசதியை யாரும் அணைக்காமல் இருந்தால், கோரல் டிரா சேமிக்கும்போது முந்தைய பிரதியை இப்படித் தனியே எடுத்து வைக்கும். நீங்கள் ஒரு முறை மட்டும் சேமித்திருந்தால் கலையாத லேபிள் அதில் இருக்கும். இரண்டாவது முறை சேமித்தால் கலைந்ததுதான் அங்கேயும் போய் உட்காரும். ஆகவே வேறு எதையும் தொடுவதற்கு முன் அதை நகலெடுத்து வேறு பெயரில் வையுங்கள்.

இரண்டும் இல்லை என்றால் கையால்தான் கட்ட வேண்டும். பின்னணிக் கட்டத்தை முதலில் ரைட் கிளிக் செய்து 'லாக்' போடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் அதுதான் கைக்கு வரும். பிறகு காபிக்கொட்டைப் படத்தைச் சுற்றி மவுஸால் ஒரு பெட்டி இழுங்கள். பெட்டிக்குள் முழுதாக அடங்கியவை மட்டுமே தேர்வாகும். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருப்பவையும் வேண்டுமானால் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு இழுங்கள். தேர்வானதும் கன்ட்ரோல்-ஜி. இப்படிப் படம், பெயர், எடை, விலை என்று பகுதி பகுதியாகக் கட்டிவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கட்டு.

உண்மையில் இந்த வேலைக்கு எதையும் அவிழ்த்திருக்கவே வேண்டாம். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு அந்த எழுத்தைக் கிளிக் செய்தால் குரூப்புக்குள் இருக்கும் அந்த ஒன்று மட்டும் தேர்வாகும். சுற்றியுள்ள புள்ளிகள் சதுரமாக இல்லாமல் வட்டமாகத் தெரிந்தால் நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள் என்று அர்த்தம். குரூப்புக்குள் குரூப் இருந்தால் மறுபடியும் கன்ட்ரோல் கிளிக். ஒவ்வொரு கிளிக்கிலும் ஒரு படி இறங்குவீர்கள். அடியில் உள்ள ஸ்டேட்டஸ் பட்டையில் ஒரு கண் இருக்கட்டும். 'ஆர்ட்டிஸ்டிக் டெக்ஸ்ட்' என்று வந்தால் எஃப்-8 அழுத்தி எண்ணை மாற்றிக்கொள்ளலாம். 'கர்வ்' என்று வந்தால் அது இனி எழுத்து அல்ல, எழுத்தின் வடிவம் மட்டுமே. அதை நீக்கிவிட்டு அதே சாயலுள்ள எழுத்துருவில் புதிதாக அடிக்க வேண்டியதுதான்.

இன்க்ஸ்கேப்பிலும் கன்ட்ரோல் கிளிக் இதே வேலையைச் செய்யும். இரட்டைக் கிளிக் செய்து குரூப்புக்குள்ளேயே நுழையவும் செய்யலாம். இல்லஸ்ட்ரேட்டரில் இரட்டைக் கிளிக் செய்தால் மற்றதெல்லாம் மங்கி, அந்தக் குரூப் மட்டும் தெளிவாக நிற்கும், முடிந்ததும் எஸ்கேப்.

'அன்குரூப்' வெளிக்கட்டை மட்டும் அவிழ்க்கும். 'அன்குரூப் ஆல்' உள்ளே இருக்கும் எல்லாக் கட்டையும் ஒரே அடியில் அவிழ்க்கும். எது எதோடு இருந்தது என்று டிசைனர் யோசித்துப் போட்ட கணக்கு அதோடு போய்விடும். அடுத்தவர் செய்த ஃபைலில் அந்தப் பட்டன் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

கேள்வி: வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டிக் கொடுக்கிறேன். எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏற்றி, குரூப் போட்டுத்தான் பிளாட்டருக்கு (ஸ்டிக்கர் வெட்டும் மெஷினுக்கு) அனுப்புகிறேன். ஆனாலும் ஏறியிருக்கும் இடத்திலெல்லாம் கத்தி குறுக்கே வெட்டிவிடுகிறது. வினைல் (ஸ்டிக்கர் ஷீட்) பிய்ந்து வருகிறது. குரூப் சரியாக விழவில்லையா?
– வாசகர், ஓமலூர்

பதில்: குரூப் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. நீங்கள் அதனிடம் எதிர்பார்க்கும் வேலைதான் அதனுடையது அல்ல. நாலு வாழைத்தாரைக் கயிற்றால் கட்டினால் ஒன்றாகத் தூக்கலாம். ஆனால் தார் நாலுதான். குரூப்பும் அப்படியே. ஒவ்வொரு எழுத்தின் கோடும் உள்ளே முழுதாக இருக்கிறது. கத்திக்கு நிறம் தெரியாது, மேலே எது கீழே எது என்றும் தெரியாது. கோடு இருக்கும் இடமெல்லாம் போகும்.

உங்களுக்கு வேண்டியது வெல்ட், அதாவது பல வடிவங்களை ஒட்டி ஒரே வடிவமாக்குவது. கோரல் டிராவில் எழுத்தை கன்ட்ரோல்-கியூ கொடுத்து கர்வ் ஆக்குங்கள். ஒட்ட வேண்டியவற்றைத் தேர்ந்தெடுத்து, ஆப்ஜெக்ட் மெனுவில் 'ஷேப்பிங்' என்பதற்குள் இருக்கும் 'வெல்ட்' கொடுங்கள். பழைய பதிப்புகளில் இது 'அரேஞ்ச்' மெனுவில் இருக்கும். இன்க்ஸ்கேப்பில் பாத் மெனுவில் 'யூனியன்'. இல்லஸ்ட்ரேட்டரில் பாத்ஃபைண்டரில் 'யுனைட்'.

பலரும் வெல்ட் என்று நினைத்து கன்ட்ரோல்-எல், அதாவது 'கம்பைன்', கொடுத்துவிடுகிறார்கள். கம்பைன் செய்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இடம் ஓட்டையாகிவிடும். உங்கள் ஸ்டிக்கரில் எழுத்துகள் சேரும் இடத்திலெல்லாம் சிறு சிறு கண்ணாக வினைல் விழும். கம்பைனுக்கு வேறு வேலை இருக்கிறது. 'ண', 'ஞ', 'ழ' போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் அப்படிச் சேர்த்துவைத்த ஓட்டைதான். கன்ட்ரோல்-கே கொடுத்து 'பிரேக் அபார்ட்' செய்தால் சுழியெல்லாம் அடைபட்டு எழுத்து மொத்தையாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே. அப்போது அந்த எழுத்தையும் அதன் சுழியையும் மட்டும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-எல் கொடுத்தால் பழையபடி திறந்துகொள்ளும். இன்க்ஸ்கேப்பில் சாவி மாறும்: கம்பைன் கன்ட்ரோல்-கே, பிரேக் அபார்ட் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-கே. இரண்டு மென்பொருளிலும் வேலை செய்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

வெல்ட் செய்தால் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். இரண்டு நிற ஸ்டிக்கர் என்றால் சிவப்பைத் தனியாக, வெள்ளையைத் தனியாக வெல்ட் செய்யுங்கள். எழுத்துக்கு அவுட்லைன் தடிமன் கொடுத்திருந்தால், கத்தி அந்தத் தடிமனின் நடுக்கோட்டில்தான் ஓடும். கன்ட்ரோல்-ஷிஃப்ட்-கியூ கொடுத்து அதையும் வடிவமாக்கிய பிறகே வெல்ட். அனுப்பும் முன் வியூ மெனுவில் 'வயர்ஃபிரேம்' போட்டுப் பாருங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல்-ஒய். அங்கே தெரியும் கோடுகள்தான் கத்தியின் பாதை. எழுத்துக்குள் குறுக்குக் கோடு ஒன்று தெரிந்தாலும் அது ரோலிலும் விழும்.

கேள்வி: வெண்பட்டு வேட்டிக் கரை டிசைன் ஒன்று பிடிஎஃப்பாக வந்தது. இன்க்ஸ்கேப்பில் திறந்து எத்தனை முறை அன்குரூப் கொடுத்தாலும் ஒரு பூவைத் தனியாக எடுக்க முடியவில்லை. தொட்டால் பக்க அளவுக்குப் பெட்டி விழுகிறது.
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: அது குரூப் மட்டும் அல்ல, கிளிப்பும் சேர்ந்தது. பிடிஎஃப் தயாரிக்கும் மென்பொருள்கள் பக்கத்தின் எல்லைக்கு ஒரு சட்டம் போட்டு, அதற்குள் படத்தை அடைத்து, அதைக் குரூப்பில் சுற்றி அனுப்புவது வழக்கம். தொட்டுவிட்டு அடியில் உள்ள ஸ்டேட்டஸ் வரியைப் படியுங்கள். 'கிளிப்டு' என்ற சொல் இருந்தால் ஆப்ஜெக்ட் மெனுவில் 'கிளிப்' சென்று 'ரிலீஸ்' கொடுங்கள். சட்டமாக இருந்த கட்டம் நிறமில்லாமல் தனியாக வந்து விழும், அதை நீக்குங்கள். அடுத்து கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஜி, அதாவது அன்குரூப். மறுபடியும் கிளிப் இருக்கிறதா பாருங்கள். மாற்றி மாற்றி நாலைந்து சுற்று ஆகலாம்.

கோரல் டிராவில் இதே சிக்கல் பவர் கிளிப் என்ற பெயரில் வரும். பவர் கிளிப் சட்டத்தைக் கன்ட்ரோல் அழுத்திக் கிளிக் செய்தால் உள்ளே போய்த் திருத்தலாம். இல்லஸ்ட்ரேட்டரில் ஆல்ட்-கன்ட்ரோல்-7 கொடுத்தால் மாஸ்க் (அங்கே இந்தச் சட்டத்தின் பெயர்) கழன்றுவிடும்.

பூ கையில் வந்ததும் அதைக் குரூப் போட்டு, வரிசையாக நகலெடுத்து ஒட்டத்தான் தோன்றும். கரை வேலைக்கு அது வேண்டாம். இன்க்ஸ்கேப்பில் ஆல்ட்-டி கொடுத்து 'குளோன்', அதாவது மூலத்தோடு தொடர்புள்ள நகல், எடுத்து வரிசையாக வையுங்கள். மூலப் பூவின் குரூப்பை இரட்டைக் கிளிக் செய்து ஒரு இதழைத் திருத்தினால் கரை முழுவதும் உள்ள பூக்கள் அதே நொடியில் மாறும். நெசவுக்காரர் 'இதழைக் கொஞ்சம் ஒடுக்கிக் கொடுங்கள்' என்று கேட்காத நாள் உண்டா? நகலெடுத்து ஒட்டியிருந்தால் நூறு பூவையும் தொட வேண்டும். எல்லாம் முடிவான பிறகு, ஷிஃப்ட்-ஆல்ட்-டி கொடுத்துக் குளோன் தொடர்பை அறுத்துவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: கொலுசுக் கடை விளம்பரத்தில் பின்னணியையும் கடைப் பெயரையும் சேர்த்துக் குரூப் போட்டேன். கொலுசுப் படம் மறைந்துவிட்டது.
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: மறையவில்லை, கீழே போய்விட்டது. அடுக்கில் பின்னணி அடியிலும் கொலுசு நடுவிலும் பெயர் மேலேயும் இருந்திருக்கும். குரூப் போட்டால், தேர்ந்தெடுத்தவற்றில் மேலே இருப்பதன் உயரத்துக்கு எல்லாம் ஏறிவிடும். பெயரோடு பின்னணியும் ஏறிக் கொலுசை மூடிவிட்டது. நடுவில் உள்ளதையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். அல்லது பின்னணியைக் குரூப்பில் சேர்க்காமல் லாக் மட்டும் போடுங்கள். வெவ்வேறு லேயரில் (அடுக்குத் தாளில்) உள்ளவற்றைக் குரூப் போட்டால் எல்லாம் ஒரே லேயருக்குப் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பிரித்த பிறகும் அவை பழைய லேயருக்குத் தானாகத் திரும்பாது.

கேள்வி: விசிட்டிங் கார்டு டிசைனைக் குரூப் போட்டு ஃபிளெக்ஸ் அளவுக்குப் பெரிதாக்கினால் பார்டர் கோடு மட்டும் மெல்லியதாகவே நிற்கிறது.
– வாசகர், ஆத்தூர்

பதில்: 90 மில்லிமீட்டர் கார்டை 10 அடிக்கு இழுத்தால் ஏறத்தாழ 34 மடங்கு. அரை மில்லிமீட்டர் கோடு 17 மில்லிமீட்டர் ஆகியிருக்க வேண்டும். உங்களுக்கு அரை மில்லிமீட்டராகவே நின்றிருக்கிறது. சாலையிலிருந்து பார்த்தால் அது கண்ணுக்கே தெரியாது. கோரல் டிராவில் இழுப்பதற்கு முன் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, எஃப்-12 அழுத்தி, 'ஸ்கேல் வித் ஆப்ஜெக்ட்' என்பதில் டிக் போடுங்கள். இன்க்ஸ்கேப்பில் தேர்வுக் கருவியின் மேல்பட்டையில் கோட்டுத் தடிமனையும் சேர்த்துப் பெரிதாக்கும் பட்டன் இருக்கிறது. இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்சஸுக்குள் 'ஸ்கேல் ஸ்ட்ரோக்ஸ்'. இழுத்த பிறகு டிக் போட்டுப் பயனில்லை. கன்ட்ரோல்-இசட் கொடுத்துவிட்டு மறுபடி இழுக்க வேண்டும்.